ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் சிகிச்சை நெறிமுறைகளை மதிப்பிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இனி ஏஎஃப்; இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பித் துடிக்கும், பக்கவாத ஆபத்தைக் கூட்டும் கோளாறு) சிகிச்சை நெறிமுறை ஒன்றை முதன்முதலாக மதிப்பிட உட்காருபவர்கள் நேராகப் பரிந்துரை அட்டவணைக்குத்தான் போகிறார்கள். பச்சைக் கட்டம் ('கட்டாயம் செய்' என்ற முதல் வகுப்புப் பரிந்துரையின் நிறம்) கண்ணில் பட்டால் 'உறுதியானது' என்று குறித்துக்கொண்டு அடுத்த பக்கம் புரட்டுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். நெறிமுறை என்ன சொல்கிறது என்பது தெரிந்திருக்கும். அதை எவ்வளவு நம்பலாம், நம் நோயாளிக்கு அது பொருந்துமா என்பது மட்டும் தெரிந்திருக்காது.

இந்த வழிகாட்டி முதுநிலை மருத்துவ மாணவர்களுக்கும் மருந்தாளர்களுக்கும் சிகிச்சை நடைமுறை வகுக்கும் குழுக்களில் இருப்பவர்களுக்கும் ஆனது. நோயாளிகள் யாரேனும் படித்தால் ஒரு வேண்டுகோள்: இதை வைத்து மருந்தை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.

## 1. தொடங்கும் முன் சேகரிக்க வேண்டியவை

நெறிமுறையின் முழு ஆவணம் வேண்டும். சுருக்கப் பதிப்பும் சட்டைப்பையில் வைக்கும் கையேடும் உதவாது. காரணம் எளிது: சான்றுகளை எப்படித் தேடினார்கள், எதை ஒதுக்கினார்கள் என்பதெல்லாம் சுருக்கத்தில் முதலில் வெட்டப்படும் பகுதிகள்.

அத்துடன் துணை ஆவணங்கள், நலமுரண் (எழுதியவர்களுக்கு நிறுவனங்களோடு உள்ள பணத்தொடர்பு போன்றவை) அறிவிப்புப் பட்டியல், அதே அமைப்பின் முந்தைய பதிப்பு ஆகிய மூன்றையும் எடுத்துவையுங்கள். நலமுரண் பட்டியல் பெரும்பாலும் தனிக் கோப்பாக இருக்கும். தேடாமலேயே 'அறிவிக்கப்படவில்லை' என்று எழுதிவிடுபவர்கள் நிறைய.

அப்புறம், நெறிமுறைகளின் தரத்துக்கு மதிப்பெண் போடும் அக்ரீ 2 கருவியின் கையேடு. குறைந்தது இன்னொரு மதிப்பீட்டாளர். தனியாக உட்கார்ந்து போடும் மதிப்பெண் உங்கள் மனநிலையைத்தான் காட்டும். அந்தக் கையேடே குறைந்தது இருவர் வேண்டும், நால்வர் இருந்தால் நல்லது என்கிறது.

## 2. கேள்வியை முதலில் எழுதுங்கள்

'ஏஎஃப் நெறிமுறை நல்லதா?' என்ற கேள்விக்கு விடை கிடையாது. ஒரே ஆவணத்தில் உறைவுத் தடுப்பு மருந்து (ரத்தம் உறைந்து கட்டியாவதைத் தடுத்துப் பக்கவாதத்தைக் குறைப்பது) பற்றிய பகுதி வலுவாகவும், பரிசோதனைத் திரையிடல் (அறிகுறி இல்லாதவர்களிடமும் நோயைத் தேடுவது) பற்றிய பகுதி பலவீனமாகவும் இருக்கலாம்.

எனவே ஒரு நோயாளியை எழுதிக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டி முழுவதும் நாம் வைத்துக்கொள்ளப்போகும் கற்பனை நோயாளி இவர்: 78 வயது ஆண், உயர் ரத்த அழுத்தம் உண்டு, பேஸ்மேக்கர் பொருத்தியவர். எந்த அறிகுறியும் இல்லை. ஈசிஜியில் ஏஎஃப் பதிவானதே இல்லை. வழக்கமான சோதனையில் பேஸ்மேக்கரின் நினைவகத்தில் ஆறு மணி நேரம் நீடித்த ஒரு ஏஎஃப் நிகழ்வு தெரிகிறது. உறைவுத் தடுப்பு மருந்து தொடங்க வேண்டுமா?

எழுதிய கேள்வியைப் பரிந்துரைகளைப் பார்த்த பிறகு மாற்றாதீர்கள். விடைக்கேற்பக் கேள்வியை வளைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும்.

## 3. தேதிகளைப் பாருங்கள், வெளியான தேதியை மட்டும் அல்ல

ஏஎஃப் துறையில் அடிக்கடி கையாளப்படுபவை மூன்று: ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2024 நெறிமுறை (அதற்கு முந்தையது 2020), அமெரிக்க இதயவியல் அமைப்புகள் சேர்ந்து 2023 நவம்பர் இறுதியில் வெளியிட்டது (முந்தையது 2014, இடையில் 2019-இல் ஒரு பகுதித் திருத்தம்), பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-இல் வெளியிட்டது.

வெளியீட்டுத் தேதிக்குப் பக்கத்திலேயே சான்றுத் தேடல் எந்தத் தேதியில் முடிந்தது என்று எழுதுங்கள். இது ஏன் முக்கியம் என்பதற்கு நம் நோயாளியே போதும். கருவியில் மட்டும் தென்படும் ஏஎஃப்-க்கு உறைவுத் தடுப்பு மருந்து தரலாமா என்று நேரடியாகச் சோதித்த இரண்டு பெரிய ஆய்வுகள் நோவா-ஏஎஃப்நெட் 6, ஆர்ட்டீசியா. இரண்டும் 2023-இல் வந்தவை. 2023 அமெரிக்க நெறிமுறையோ 2022 நவம்பர் வரை வெளியான ஆய்வுகளைத்தான் கணக்கில் எடுத்தது. 2024 ஐரோப்பிய நெறிமுறை எழுதப்பட்டபோது இரண்டு முடிவுகளும் வந்துவிட்டன.

இப்போது பரிந்துரையைப் பாருங்கள். அமெரிக்க நெறிமுறை நிகழ்வின் நீளத்தையும் பக்கவாத ஆபத்து மதிப்பெண்ணையும் (எட்டாம் படியில் வரும் சாட்ஸ்-வாஸ்க்) சேர்த்து, ஐந்து நிமிடத்துக்கும் 24 மணி நேரத்துக்கும் இடைப்பட்ட நிகழ்வும் மூன்று அல்லது அதற்கு மேல் மதிப்பெண்ணும் இருந்தால் மருந்து தொடங்குவது பற்றி யோசிக்கலாம் என்று 2பி வகுப்பில் ('செய்யலாம்' என்பதிலேயே வலிமை குறைந்தது) வைக்கிறது. ஐரோப்பிய நெறிமுறையும் இத்தகையவர்களில் ஆபத்து கூடுதலாகவும் ரத்தக்கசிவு அபாயம் குறைவாகவும் இருந்தால் யோசிக்கலாம் என்று அதே 2பி வகுப்பைத்தான் தருகிறது. நம் நோயாளிக்கு வயதுக்கு 2, ரத்த அழுத்தத்துக்கு 1, ஆக 3. இரண்டு நெறிமுறையும் ஒரே விடை சொல்வதுபோல் தெரியும். ஆனால் ஒன்று ஆய்வுகளுக்கு முன் எழுதியது, மற்றொன்று ஆய்வுகளைப் பார்த்துவிட்டு எழுதியது. 'இரண்டு நெறிமுறைகள் ஒத்துப்போகின்றன, எனவே சான்று வலுவானது' என்று எழுதினால் அது தவறு.

முந்தைய பதிப்போடு ஒப்பிட்டு என்ன மாறியது என்று குறிப்பதும் இந்தப் படியில்தான். உதாரணத்துக்கு, உறைவுத் தடுப்பு முன்னேற்பாடு இல்லாமல் இதயத் துடிப்பைச் சீராக்கும் சிகிச்சையைச் செய்வதற்கு ஐரோப்பியர்கள் வைத்திருந்த 48 மணி நேர எல்லை 2024-இல் 24 மணி நேரமானது. மாற்றத்துக்குப் புதிய ஆய்வு காரணமா, பழைய தரவை எச்சரிக்கையோடு மறுபடி படித்தது காரணமா என்று அந்தப் பகுதியின் உரையில் தேடுங்கள்.

## 4. அக்ரீ 2 மதிப்பெண்

இது நெறிமுறை உருவான விதத்தை அளக்கும் கருவி. ஆறு களங்களில் 23 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். நோக்கமும் வரம்பும், பங்கேற்பாளர்கள், உருவாக்கத்தின் கடுமை, தெளிவு, நடைமுறைப்படுத்தும் வாய்ப்பு, ஆசிரியக் குழுவின் சுதந்திரம் என்பவை அந்தக் களங்கள்.

கணக்கு போடும் விதத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கடைசிக் களத்தை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு கூறுகள். மதிப்பீட்டாளர்கள் இருவர். ஒருவர் 5, 4 என்றும் மற்றவர் 6, 4 என்றும் போட்டால் கூட்டுத்தொகை 19. குறைந்தபட்சம் சாத்தியமானது 4, அதிகபட்சம் 28. எனவே 19-இலிருந்து 4-ஐக் கழித்து, வரும் 15-ஐ 24-ஆல் வகுத்தால் 62.5 சதவீதம். 19-ஐ 28-ஆல் வகுப்பது பரவலான பிழை. யாருமே பூஜ்யம் போட முடியாத அளவுகோலில் அப்படி வகுத்தால் மோசமான நெறிமுறையும் சுமாராகத் தெரியும்.

இன்னொரு பிழை ஆறு களங்களின் சதவீதங்களையும் கூட்டிச் சராசரி எடுப்பது. கையேடு இதைக் கூடாது என்கிறது. தெளிவுக்குக் கிடைத்த 95, சுதந்திரத்துக்குக் கிடைத்த 40-ஐ மறைத்துவிடும்.

இருவர் மதிப்பெண்களுக்கும் இடையே மூன்று அல்லது அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் சராசரி எடுக்கும் முன் பேசிவிடுங்கள். இது நான் கடைப்பிடிக்கும் வழக்கம். பெரும்பாலும் ஒருவர் துணை ஆவணத்தைத் திறந்திருக்கவே மாட்டார்.

அக்ரீ 2-இல் உயர்ந்த மதிப்பெண் வாங்கிய நெறிமுறையில் தவறான பரிந்துரை இருக்க முடியுமா? தாராளமாக. பரிந்துரையின் உள்ளடக்கத்தை அது தொடுவதில்லை. எனவே இங்கே நிறுத்தாதீர்கள். நிறையக் கருத்தரங்கக் கட்டுரைகள் இங்கேயே நின்றுவிடுகின்றன.

## 5. யாருக்கு என்ன லாபம்?

ஏஎஃப் சிகிச்சையில் பணம் புழங்கும் இடங்கள் மூன்று: புதிய உறைவுத் தடுப்பு மருந்துகள், கதீட்டர் அப்ளேஷன் (மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, கோளாறைத் தூண்டும் திசுவை அழிப்பது) கருவிகள், இடது ஏட்ரியத்தின் துணைப்பையை (ஏஎஃப்-இல் ரத்தக்கட்டி அதிகம் உருவாகும் சிறு பை) அடைக்கும் கருவிகள். உங்கள் கேள்வி இவற்றில் எதைத் தொடுகிறதோ அதற்குரிய நிறுவனங்களுடன் யாருக்குத் தொடர்பு என்று மட்டும் பாருங்கள். எல்லா உறுப்பினர்களின் எல்லாத் தொடர்புகளையும் எண்ணிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும்.

பார்க்க வேண்டியவை: தலைவருக்குத் தொடர்பு உண்டா, உறுப்பினர்களில் பெரும்பான்மை தொடர்பற்றவர்களா, தொடர்புள்ளவர் அந்தப் பரிந்துரைக்கு வாக்களித்தாரா. பணம் வாங்காத சார்பும் உண்டு. நாள் முழுக்க அப்ளேஷன் செய்பவருக்கு அப்ளேஷன் மேல் நம்பிக்கை இருப்பது இயல்பு. குழுவில் அவர்கள் மட்டும் இருந்து பொது மருத்துவரோ முதியோர் மருத்துவரோ நோயாளியோ இல்லையென்றால் அதை ஒரு வரியாவது எழுதுங்கள்.

## 6. வகுப்பு வேறு, சான்று நிலை வேறு

ஒரு பரிந்துரையின் வகுப்பு 'செய், செய்யலாம், செய்யாதே' என்பதைச் சொல்கிறது. சான்று நிலை அதை எதன் அடிப்படையில் சொல்கிறார்கள் என்பதைக் காட்டுகிறது. இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். முதல் வகுப்பும் சி நிலையும் சேர்ந்து வரும் பரிந்துரைகள் நிறைய உண்டு. 'கட்டாயம் செய், ஆதாரம் வல்லுநர்களின் ஒருமித்த கருத்து' என்பதே அதன் பொருள். அது தவறாக இருக்க வேண்டும் என்று இல்லை. இதயத்துக்குள் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்காமல் சில காரியங்களைச் செய்யக்கூடாது என்பதற்கு யாரும் ரேண்டமைஸ்டு (நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும்) ஆய்வு நடத்த மாட்டார்கள்.

2019-இல் வெளியான ஒரு ஆய்வு இதய நோய் நெறிமுறைகளை மொத்தமாக எண்ணிப் பார்த்தது. அமெரிக்கப் பரிந்துரைகளில் ஏ நிலைச் சான்று (பல ரேண்டமைஸ்டு ஆய்வுகளின் ஆதரவு, மிக உயர்ந்த நிலை) உள்ளவை 8.5 சதவீதம், ஐரோப்பியப் பரிந்துரைகளில் 14.2 சதவீதம். பச்சைக் கட்டத்தைப் பார்க்கும்போது இந்த எண்களை நினைவில் வையுங்கள்.

அளவுகோல்களை ஒன்றுக்கொன்று மாற்றாதீர்கள். அமெரிக்க நெறிமுறை பி நிலையை ரேண்டமைஸ்டு, ரேண்டமைஸ் செய்யாதது என இரண்டாகப் பிரிக்கிறது, ஐரோப்பியது பிரிப்பதில்லை. நைஸ் வகுப்பே தருவதில்லை. 'வழங்குங்கள்', 'பரிசீலியுங்கள்' என்ற வினைச்சொற்களில்தான் அதன் வலிமை இருக்கிறது. அமெரிக்க நெறிமுறையின் மூன்றாம் வகுப்பிலும் 'பயனில்லை', 'தீங்கு' என்று இரண்டு உண்டு. நிரந்தர ஏஎஃப்-இல் தாளத்தைச் சீராக்கும் மருந்தான ட்ரோனடரோன் தரக்கூடாது என்பது இரண்டாவது வகை. பல்லாஸ் என்ற ஆய்வு அந்தத் தீங்கு காரணமாகவே 2011-இல் பாதியில் நிறுத்தப்பட்டது.

## 7. பரிந்துரையிலிருந்து ஆய்வுக்குப் போங்கள்

நேரத்தில் பாதியை இந்தப் படிக்கு ஒதுக்குங்கள். உங்கள் கேள்விக்குரிய பரிந்துரை எந்த ஆய்வைச் சுட்டுகிறதோ அதன் முழுக் கட்டுரையையும் திறந்து நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

யார் சேர்க்கப்பட்டார்கள்? நம் நோயாளிக்கு ஆர்ட்டீசியா கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆறு நிமிடம் முதல் 24 மணி நேரம் வரை நீடித்த, கருவியில் மட்டும் பதிவான ஏஎஃப் உள்ள 4,012 பேர் அதில் இருந்தார்கள். எல்லா இடத்திலும் இப்படி அமையாது. புதிய உறைவுத் தடுப்பு மருந்துகளுக்கு வழி திறந்த பெரிய ஆய்வுகளில் ஒன்றான அரிஸ்டாட்டில், மிதமான அல்லது கடுமையான மைட்ரல் வால்வுச் சுருக்கம் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. கிரியாட்டினின் வெளியேற்றம் (சிறுநீரகத் திறனின் அளவு) நிமிடத்துக்கு 25 மி.லி.க்குக் கீழே இருந்தவர்களையும் சேர்க்கவில்லை. ருமாட்டிக் இதய நோயால் (வாதக் காய்ச்சலால் வால்வுகள் பழுதாவது) வந்த ஏஎஃப்-க்கு அந்த முடிவை நீட்டிக்கலாம் என்று பலரும் நினைத்திருந்தார்கள். 2022-இல் இன்விக்டஸ் ஆய்வு புதிய வகை மருந்தான ரிவரொக்ஸபானைப் பழைய வார்ஃபரின் வகை மருந்துகளோடு ஒப்பிட்டபோது பழைய மருந்துதான் மேலாக வந்தது, இறப்பிலும்கூட. ருமாட்டிக் நோய் அதிகமுள்ள இடத்தில் வேலை செய்பவர்கள் இந்த விதிவிலக்கை நெறிமுறையில் முதலில் தேட வேண்டும்.

எதோடு ஒப்பிட்டார்கள்? ஆர்ட்டீசியாவில் புதிய உறைவுத் தடுப்பு மருந்தான அபிக்ஸபானுக்கு எதிராக ஆஸ்பிரின் கொடுக்கப்பட்டது. 'மருந்தே இல்லாத' நிலையோடு ஒப்பிட்டதாக இதைப் படிக்கக்கூடாது. ஆஸ்பிரினும் ரத்தக்கசிவு உண்டாக்கும் மருந்துதான்.

எதை அளந்தார்கள்? நோவா ஆய்வின் முதன்மை விளைவில் இதயநோய் மரணமும் சேர்க்கப்பட்டிருந்தது, ஆர்ட்டீசியாவில் பக்கவாதமும் உறைவுக்கட்டி அடைப்பும் மட்டும். நோவாவில் பயன் நிரூபணமாகவில்லை, ஆர்ட்டீசியாவில் பக்கவாதம் குறைந்தது. ஒன்று தோற்றது, ஒன்று வென்றது என்று எழுதும் முன் இரண்டும் ஒரே விளைவை அளக்கவில்லை என்பதை எழுதுங்கள். அப்ளேஷன் ஆய்வுகளில் இன்னும் கவனம் தேவை. அவற்றில் பலவற்றின் முதன்மை விளைவு 30 வினாடிக்கு மேல் நீடிக்கும் தாளக்கோளாறு திரும்ப வருவது. நோயாளிக்கு உணரக்கூட முடியாத ஒன்று அது.

எண்கள் எவ்வளவு? ஒரு பிரிவை மற்றொன்றோடு ஒப்பிட்டுச் சதவீதத்தில் சொல்லும் ஆபத்துக் குறைவு எப்போதும் கவர்ச்சியாக இருக்கும். ஆர்ட்டீசியாவில் பக்கவாதம் 37 சதவீதம் குறைந்தது. ஆண்டுக்கு ஆயிரம் பேர் என்று மாற்றிப் போடுங்கள்: ஆஸ்பிரின் பிரிவில் 12.4, அபிக்ஸபான் பிரிவில் 7.8. அதாவது ஆயிரம் பேருக்கு ஓராண்டு மருந்து கொடுத்தால் ஏறத்தாழ ஐந்து பேருக்குப் பக்கவாதமோ உறைவுக்கட்டி அடைப்போ தவிர்க்கப்படும். பெரிய ரத்தக்கசிவு 9.4-லிருந்து 17.1 ஆகிறது, ஏறத்தாழ எட்டு பேர் கூடுதல். இந்த இரண்டு வரிகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்தவுடன்தான் 2பி ஏன் 2பி என்று புரியும்.

கூர்ந்து படிப்பவருக்கு இன்னொன்றும் தெரியும். பக்கவாத எண்கள் ரேண்டமைஸ் செய்த எல்லோரையும் வைத்துக் கணக்கிட்டவை, ரத்தக்கசிவு எண்கள் மருந்தை எடுத்துக்கொண்டிருந்தவர்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டவை. ஐந்தையும் எட்டையும் நேரடியாகக் கழித்துவிட முடியாது. அதோடு ஒரு பக்கவாதமும் சிகிச்சையில் சரியாகும் ஒரு குடல் ரத்தக்கசிவும் சமமா என்பது நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்வி. இந்த இடத்தில் நெறிமுறை அவரைக் கேட்கச் சொல்கிறதா என்று பாருங்கள். சொன்னால் அது நல்ல நெறிமுறை.

தாளத்தைச் சீராக்கும் சிகிச்சையிலும் இதே நான்கையும் கேளுங்கள். 2002-இல் வந்த அஃபர்ம், தாளத்தைச் சீராக்குவதால் துடிப்பு வேகத்தைக் கட்டுப்படுத்துவதைவிட உயிர் கூடுதலாகக் காக்கப்படவில்லை என்றது. 2020-இல் வந்த ஈஸ்ட்-ஏஎஃப்நெட் 4 முன்கூட்டியே தாளத்தைச் சீராக்குவது நல்லது என்றது. முரண்பாடு போலத் தெரியும். ஆனால் இரண்டாவதில் சேர்ந்தவர்கள் ஏஎஃப் கண்டறிந்து ஓராண்டுக்குள் இருந்தவர்கள். பத்து ஆண்டுகளாக ஏஎஃப் உள்ளவருக்கு இந்த ஆய்வைக் காட்டிப் பரிந்துரைப்பது ஆய்வைத் தாண்டிப் போவது.

## 8. ஆபத்து மதிப்பெண்களையும் மதிப்பிடுங்கள்

பக்கவாத ஆபத்தைக் கணிக்கும் சாட்ஸ்-வாஸ்க் மதிப்பெண் கல்லில் செதுக்கியதுபோல் எல்லா நெறிமுறையிலும் வருகிறது. 2010-இல் அது முன்வைக்கப்பட்டபோது அடிப்படையாக இருந்தவர்கள் 1,084 பேர், அவர்களில் ஓராண்டில் பக்கவாதம் போன்ற நிகழ்வு வந்தவர்கள் 25 பேர். பின்னர் பல நாடுகளில் பெரிய தரவுகளில் சோதிக்கப்பட்டாலும், தனி நோயாளியைப் பிரித்துக் காட்டும் திறன் சுமார்தான்.

2024 ஐரோப்பிய நெறிமுறை பாலினத்துக்கான புள்ளியை எடுத்துவிட்டது. அமெரிக்க நெறிமுறை வைத்திருக்கிறது. அதனால் ஒரு பெண் நோயாளிக்கு இரண்டு ஆவணங்களிலும் வேறு எண் வரும். எந்த எண் எந்த நெறிமுறையின் எல்லைக்கு உரியது என்று எழுதாமல் ஒப்பிட்டால் குழப்பம்தான்.

ரத்தக்கசிவு மதிப்பெண்களில் நைஸ் ஆர்பிட் என்ற கருவியைத் தேர்ந்தெடுத்தது. ஐரோப்பிய நெறிமுறையோ மருந்து தொடங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க அத்தகைய மதிப்பெண்ணைப் பயன்படுத்தவே வேண்டாம் என்கிறது. மதிப்பெண் அதிகம் என்பதற்காக மருந்தை நிறுத்திவைப்பது அடிக்கடி நடக்கும் பிழை என்பதால் இந்தப் பகுதியைத் தவறாமல் படியுங்கள்.

## 9. முரண்படும் இடங்களை அடுக்குங்கள்

இப்போது இரண்டு மூன்று நெறிமுறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். இதை முதலிலேயே செய்தால் யார் பெரியவர் என்ற விவாதமாகிவிடும். ஏழாம் படி முடிந்தபின் செய்தால் எந்தச் சான்றை யார் எப்படிப் படித்தார்கள் என்று தெரியும்.

ஒரு நல்ல இடம்: நீண்டகால உறைவுத் தடுப்பு மருந்து எடுக்க முடியாதவர்களுக்குக் கதீட்டர் வழியாக இடது ஏட்ரியத் துணைப்பையை அடைப்பது. அமெரிக்கர்கள் 2ஏ ('செய்யலாம்' என்பதில் வலிமை கூடியது), ஐரோப்பியர்கள் 2பி.

இன்னொன்று திரையிடல். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மருத்துவரிடம் வரும்போதெல்லாம் தாளம் சோதிக்க ஐரோப்பியர்கள் முதல் வகுப்பில் சொல்கிறார்கள். அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழு 2022-இல் சான்று போதவில்லை என்றது. நடுவில் நிற்பது 2021-இன் லூப் ஆய்வு: பொருத்தப்படும் கருவியால் ஏஎஃப் ஏறத்தாழ மூன்று மடங்கு கண்டுபிடிக்கப்பட்டது, பக்கவாதம் புள்ளியியல்ரீதியாகக் குறையவில்லை. கண்டுபிடிப்பதும் பயன் தருவதும் ஒன்றா என்ற கேள்விதான் இருவரையும் பிரிக்கிறது.

முரண்படும் இடத்தில் 'பெரிய அமைப்பு சொல்வதை ஏற்போம்' என்று முடிக்காதீர்கள். பெரும்பாலும் அங்கே சான்று மெல்லியது என்றுதான் பொருள், அதை அப்படியே எழுதலாம்.

## 10. ஒரு பக்கத்தில் எழுதி முடியுங்கள்

மதிப்பீட்டறிக்கை ஒரு பக்கத்தைத் தாண்டினால் யாரும் படிப்பதில்லை. கேள்வி, தேடல் முடிந்த தேதி, அக்ரீ 2-இன் ஆறு சதவீதங்கள் தனித்தனியாக, வகுப்பும் சான்று நிலையும், ஆயிரம் பேருக்கு எத்தனை என்ற எண்கள், நம் நோயாளிகளுக்குப் பொருந்தாத இடங்கள். போதும்.

நடைமுறை சாத்தியத்துக்கு இரண்டு வரி சேருங்கள். வார்ஃபரின் பரிந்துரை என்றால் ஐஎன்ஆர் சோதனை (ரத்தம் உறையும் வேகத்தை அளப்பது) தொடர்ந்து செய்ய முடியுமா, அப்ளேஷன் பரிந்துரை என்றால் அனுபவமுள்ள மையம் எட்டும் தூரத்தில் உண்டா என்பன போன்றவை.

அறிக்கையின் முடிவு மூன்றில் ஒன்றாக இருக்கட்டும்: அப்படியே ஏற்கிறோம், இந்தத் திருத்தங்களோடு ஏற்கிறோம், ஏற்கவில்லை. 'கவனத்துடன் பயன்படுத்தலாம்' என்ற வாக்கியம் எந்த முடிவும் எடுக்காதவர்களின் புகலிடம், அதை எழுத விடாதீர்கள். நம் 78 வயது நோயாளியின் விஷயத்தில் என் குழுவாக இருந்தால் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பேன். மருந்து ஒரு தெரிவு என்று ஏற்று, ஐந்து, எட்டு ஆகிய எண்கள் இரண்டையும் நோயாளியிடம் சொன்ன பிறகே தொடங்க வேண்டும் என்ற திருத்தத்தோடு.

அடியில் மறுபரிசீலனைக்கான தூண்டுதலை எழுதுங்கள். 'இரண்டு ஆண்டில் பார்ப்போம்' என்று தேதி மட்டும் போட்டால் அந்தத் தேதியை யாரும் பார்க்க மாட்டார்கள். எந்த மருந்தின், எந்த வகை நோயாளிகளிடம் நடக்கும் எந்த ஆய்வின் முடிவு வந்தால் இந்த முடிவு மாறும் என்று குறிப்பிட்டு, அதைக் கவனிக்க ஒருவர் பெயரையும் போடுங்கள்.